தொண்ணூறு சென்டிமீட்டர்

1996-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் பெங்களூரிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. கோரமங்கலாவை ஒட்டியிருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பிரேம் பைஸும், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுஃப் முதலானோரும் சேர்ந்து செய்தது. முதன்முறையாக மாரடைப்பு வந்தவர்கள் 200 பேர். வயதிலும் பாலினத்திலும் அவர்களுக்கு இணையான, மாரடைப்பு வராதவர்கள் 200 பேர். முதல் இருநூறு பேரிடம் கூடுதலாக இருப்பது எது என்பதுதான் கேள்வி.

முதலில் வந்த பதில் புகை. நாளொன்றுக்குப் பத்தோ அதற்கு மேலோ சிகரெட்டோ பீடியோ பிடித்தவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்குக்கும் மேலாக இருந்தது. அடுத்து உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வந்தன. இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. என்னை இந்த ஆய்வுக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிச்செல்பவை வேறு இரண்டு முடிவுகள். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு ஏற ஏற மாரடைப்பு ஆபத்தும் ஏறியது. லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சாகும் எல்லைக்குள்ளேயே ஏறியது. இடுப்புச் சுற்றளவைப் புட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணும் அதே கதையைச் சொன்னது. மிகக் குறைந்த எண்ணிலிருந்து மிக அதிகமான எண் வரைக்கும், இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லும்படியான ஓர் இடம் தென்படவில்லை.

அந்த ஆய்வில் இரத்தக் கொழுப்பு அளவுகள் இரு தரப்பையும் பிரித்துக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை வைத்துக் கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று யாரும் வாதாட வேண்டாம். 400 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதே குழுவினர் பின்னால் உலகளவில் செய்த ஆய்வில் கெட்ட கொழுப்பு முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஆனால் இடுப்பு பற்றி பெங்களூர் சொன்னது அந்தப் பெரிய ஆய்விலும் அசையாமல் நின்றது.

அதுதான் இண்டர்ஹார்ட். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு. செயின்ட் ஜான்ஸும் அதில் பங்கேற்றது. உடல் அளவுகளை மட்டும் தனியாகப் பிரித்து ஆராய்ந்த பகுதி அடுத்த ஆண்டு வந்தது. அதில் 27,098 பேரின் அளவுகள் இருந்தன. மக்கள் தொகையில் நேரும் மாரடைப்புகளில் எவ்வளவை உடல் பருமனின் கணக்கில் எழுதலாம்? உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்க்கும் பி.எம்.ஐ.யைக் கேட்டால் 7.7 சதவீதம் என்றது. இடுப்பு–புட்ட விகிதத்தைக் கேட்டால் 24.3 சதவீதம் என்றது. ஆட்கள் அதே ஆட்கள், மாரடைப்புகளும் அதே மாரடைப்புகள். எடை மெஷினை விட்டுவிட்டு இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்ததும் பருமனின் பங்கு மூன்று மடங்காகத் தெரிந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59-ல் என்பதும் இந்தத் தரவிலிருந்தே 2007-ல் தெரியவந்தது. ஆறு வருடம் முன்னதாக! பிள்ளைகள் படிப்பை முடிக்காத, வீட்டுக்கடன் பாதி நிற்கிற வயது அது.

எடை மெஷின் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? பி.எம்.ஐ.யின் பூர்வீகத்தைப் பார்த்தால் பாதி புரியும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலிலும் தேர்ந்தவர். மருத்துவர் இல்லை. ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்த அவர், வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்பதை 1830-களில் கண்டார். யாருக்கு நோய் வரும் என்பது அவருடைய கேள்வியாக இருக்கவே இல்லை. 1972-ல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸும் சகாக்களும் ஐந்து நாட்டு ஆண்களின் அளவுகளை வைத்து அந்தச் சூத்திரத்தைச் சோதித்து, ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். அந்த ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை, பெண்களும் இல்லை. மக்கள் கூட்டங்களை ஒப்பிட அது நல்ல கருவி. கிளினிக்கில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வேலையை அதன் தலையில் பின்னால் நாம்தான் ஏற்றினோம்.

2004-ல் லான்செட்டில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. எந்த அட்டவணையில் பார்த்தாலும் இருவரும் அளவான உடம்புக்காரர்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தன் உடம்பையே சான்றாக வைத்து ஒரு விஞ்ஞானி பேசியதால் அந்தப் படம் நூறு கட்டுரைகள் செய்யாததைச் செய்தது. நம் ஊர்களில் தினமும் பார்க்கும் உடல்வாகுதான் அது: சதைப்பிடிப்பு இல்லாத கை கால், சட்டை பட்டனை இழுத்துப் பிடிக்கும் தொந்தி. ‘ஒல்லியாத்தானே இருக்கார்’ என்று வீட்டில் சொல்வார்கள். எடை மெஷினும் அதையே சொல்லும்.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது பெரிய கேள்வி என்று முதலில் வற்புறுத்தியவர் பிரான்சின் மார்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக். வயிற்றைச் சுற்றிச் சேரும் பருமன் ஒரு வகை, புட்டத்திலும் தொடையிலும் சேரும் பருமன் இன்னொரு வகை, சர்க்கரை நோயும் இதயநோயும் முதல் வகையோடுதான் அதிகம் சேர்ந்து வருகின்றன என்று 1947-லேயே எழுதினார். பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. சாப்பாட்டில் மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொள்ளும். தேவைப்படும்போது திருப்பித் தரும். வீட்டுக் குதிர் நிரம்பிவிட்டால் நெல் மூட்டை கூடத்துக்கும், அங்கும் இடமில்லையென்றால் அடுப்படிக்கும் வந்துவிடும் அல்லவா, அதுபோல, தோலடிக் கிடங்கு நிரம்பிய பிறகு கொழுப்பு குடலைச் சுற்றிய மடிப்புகளிலும், கல்லீரலுக்குள்ளும், தசைகளுக்குள்ளும் போய்த் தங்குகிறது. தெற்காசியர்களுக்கு அந்தத் தோலடிக் கிடங்கே சிறியது, அதனால் சீக்கிரம் வழிந்துவிடுகிறது என்பது 2007-ல் ஆலன் ஸ்னைடர்மேனும் சகாக்களும் முன்வைத்த கருத்து. முழுதாக நிரூபணமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் உடம்புகளைப் பற்றி இதுவரை வந்த விளக்கங்களில் கண்ணால் காண்பதோடு நன்றாகப் பொருந்துவது இதுதான்.

குடலைச் சுற்றிய கொழுப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கிருந்து புறப்படும் இரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பு அமிலங்கள் அங்கே வந்து குவியும்போது, கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது. போதும் நிறுத்து என்று இன்சுலின் சொன்னாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டபடி இருக்கிறது. கணையம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. இப்படிப் பல ஆண்டுகள் ஓடும். வலி இல்லை, அறிகுறி இல்லை. இந்தக் காலத்தில் வெளியில் தெரியும் ஒரே தடயம் இடுப்பு பெருத்திருப்பதுதான். பேன்ட் கடையில் சைஸ் மாறுவதற்குள் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டிருக்கலாம்.

புட்டத்தை ஏன் அளக்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். அங்கே சேரும் கொழுப்பு அவ்வளவு எளிதில் இரத்தத்துக்குள் கசிவதில்லை. தொடையிலும் புட்டத்திலும் இருக்கும் பெரிய தசைகள் சர்க்கரையை உறிஞ்சி எரிப்பவை. எனவே ஒரே இடுப்பளவு கொண்ட இருவரில் புட்டமும் தொடையும் சூம்பியவருக்கே ஆபத்து கூடுதல். இண்டர்ஹார்ட்டிலும் புட்டச் சுற்றளவு கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே இருந்தது.

இனி அளக்கும் காரியத்துக்கு வருகிறேன். இது எளிது என்று நினைப்பதால்தான் தவறாகச் செய்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும். தொப்புள் கணக்கில் வராது. தொந்தி சரிந்தவருக்குத் தொப்புளும் சரிந்திருக்கும். டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அளக்கப்படுபவர் பாதங்களைச் சேர்த்து நின்று, கைகளைத் தளரவிட்டு, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். டேப் சுற்றியதும் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அது யாருக்கும் அனிச்சையாக நடப்பது. ஓரிரு கேள்வி கேட்டுப் பேச்சுக் கொடுத்தால் வயிறு தானாகத் தளரும். அனுபவசாலிகள் அப்போதுதான் படிப்பார்கள். தையல்காரரின் பழைய துணி டேப் நாள்பட இழுத்து நீண்டிருக்கும். நீண்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் நீளாத டேப் வேண்டும்.

ஆண்களில் பலர் ‘என் இடுப்பு 34 இஞ்ச்’ என்று பேன்ட் சைஸைச் சொல்வார்கள். தொந்தி விழுந்தவர் பேன்ட்டைத் தொந்திக்குக் கீழேதான் கட்டுகிறார். பத்து வருடமாக அதே பெல்ட், அதே ஓட்டை. மேலே வயிறு மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினால் 34 இஞ்ச்காரருக்கு 38, 39 வருவது சாதாரணம்.

பெண்களை அளப்பது இன்னும் கவனம் கேட்கும் வேலை. பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு ஒண்டுக் குடித்தனத்துக்கு ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளக்க வேண்டிய இடத்தில்தான் புடவைக் கொசுவம் இருக்கிறது, உள்பாவாடை நாடா இறுகியிருக்கிறது. துணிக்கு மேலே அளந்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடிவிடும். நாடா வருடக்கணக்கில் அழுத்திய பள்ளத்தில் டேப் விழுந்தாலோ குறைந்துவிடும். ஆகவே கதவைச் சாத்தி, கொசுவத்தைத் தளர்த்தச் சொல்லி, நாடாவைக் கொஞ்சம் கீழே இறக்கி அளக்க வேண்டும். ‘அக்கா, ஒரு நிமிஷம்தான், நாடாவைக் கொஞ்சம் லூஸ் பண்ணிக்கோங்க’ என்று கேட்க ஒரு பெண்ணால்தான் முடியும். மாமியாரும் கொழுந்தனும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதுவும் முடியாது. இந்த ஒரு நிமிடத்தின் மரியாதையில்தான் அந்த எண்ணின் நம்பகம் இருக்கிறது. படிவத்தில் அதை எழுத இடமில்லை.

இந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளத் தக்கது என்பதைத் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2019–21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் முதன்முறையாக இடுப்பையும் புட்டத்தையும் அளந்தார்கள். பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எல்லைக்கோட்டைத் தாண்டிய வயிற்றுப் பருமன் இருந்தது, ஆண்களில் 12 சதவீதம். இதயநோய் ஆண்களின் நோய் என்ற நினைப்பு வீடுகளில் மட்டுமல்ல, கிளினிக்குகளிலும் இருக்கிறது. அந்த நினைப்போடு இந்த 40 சதவீதம் எப்படி ஒத்துப்போகும்?

எல்லைக்கோடு என்றேன். இந்த அத்தியாயத்தின் தலைப்பில் இருப்பது ஆண்களுக்கான இந்திய எல்லைக்கோடு: 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்சுக்கு ஒரு நூல் குறைவு. பெண்களுக்கு 80. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்த கோடு ஆண்களுக்கு 102, பெண்களுக்கு 88. அது 1995-ல் மைக்கேல் லீனும் குழுவினரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மக்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. பி.எம்.ஐ. 30 உள்ளவர்களுக்கு இடுப்பு சராசரியாக எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் போட்ட கோடு. அதாவது எடை மெஷினின் கோட்டையே டேப்பின் மொழியில் எழுதினார்கள். அதைக் கொண்டுவந்து நம் ஆட்கள் மேல் வைத்தபோது, மாரடைப்பு வந்து படுத்திருப்பவர்களில் பலர் ‘நார்மல்’ ஆகிவிட்டார்கள். 2005-ல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு தெற்காசியர்களுக்கு 90, 80 என்று தனியாக அறிவித்தது. 2009-ல் அனூப் மிஸ்ரா முதலான இந்திய வல்லுநர்கள் கூடி அதையே ஏற்றார்கள், பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்றும் வகுத்தார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நகர மக்களிடம் எடுத்த அளவுகளில் தனியாகக் கணக்கிட்டபோது ஆண்களுக்கு 87, பெண்களுக்கு 82 என்று வந்தது. ஜப்பானில் சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குள் கொழுப்பு 100 சதுர சென்டிமீட்டரை எட்டும் இடத்தைப் பார்த்துக் கோடு போட்டார்கள். ஆண்களுக்கு 85, பெண்களுக்கு 90 ஆனது. உலகம் முழுக்கப் பெண்களின் கோடு ஆண்களுடையதைவிடத் தாழ்ந்திருக்க, அங்கே உயர்ந்திருக்கிறது! 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வரை எல்லோருக்கும் ஆண்டுதோறும் இடுப்பளக்கும் திட்டத்தை அந்த நாடு இந்தக் கோட்டை வைத்தே நடத்துகிறது.

இத்தனை கோடுகளா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1996-ன் பெங்களூர் ஆய்வை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இதில் குழப்பமே இல்லை. ஆபத்து ஒரு சரிவு. அந்தச் சரிவில் எந்த இடத்தில் கம்பத்தை நட்டாலும் அது நம் வசதிக்காக நட்டதுதான். கீழே நட்டால் ஆபத்துள்ளவர்கள் அநேகமாக எல்லோரும் பிடிபடுவார்கள். கூடவே நலமாக இருப்பவர்களும் ஏராளமாக வந்து சேர்வார்கள். மேலே நட்டால் நலமானவர்கள் தொல்லையில்லாமல் போவார்கள், நோயாளிகளில் பலரும் அவர்களோடு போய்விடுவார்கள். எங்கே நடுவது என்பதை உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேருக்கு இரத்தப் பரிசோதனை செய்ய நம்மிடம் ஆளும் பணமும் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 89 வந்தவர் நிம்மதியாகவும் 91 வந்தவர் கலக்கத்தோடும் வீடு திரும்புவதற்கு உடலியலில் ஆதாரம் கிடையாது. இருவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். 80-லிருந்த காலத்தைவிட இருவருமே மேலே ஏறியிருக்கிறார்கள்.

உயரத்தைக் கணக்கில் சேர்த்தால் இன்னொரு குறை நீங்குகிறது. ஆறடி உயரக்காரருக்கும் ஐந்தடி நான்கு அங்குலக்காரருக்கும் ஒரே 90 நியாயமாகுமா? பிரிட்டனின் மார்கரெட் ஆஷ்வெல் பல ஆண்டுகளாக வாதாடிவரும் விதி இது: இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 85. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 75. நம் ஊரில் குள்ளமானவர்கள் அதிகம் என்பதால் 90–80 என்ற கோட்டைவிட இது பலருக்குக் கறாரானது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் இதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. 2025-ல் வந்த புதிய இந்திய வழிகாட்டுதலிலும் பி.எம்.ஐ.யோடு இடுப்பளவும், உயரத்தில் பாதி என்ற விதியும் இடம்பெற்றுள்ளன. வீட்டில் ஒருவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. டேப்கூட வேண்டாம். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் இடுப்பைச் சுற்றி வர வேண்டும்.

டேப்பை மட்டும் நம்பி ஒருவரை நோயாளி என்றோ நலமானவர் என்றோ சொல்ல முடியாது. அதன் வேலை, யாருக்கு முதலில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று காட்டுவது. இடுப்பளவோடு வயது, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற மூன்றையும் சேர்த்து 2005-ல் மோகன் குழு ‘இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்’ என்ற எளிய கணக்கை உருவாக்கியது. நூற்றுக்கு அறுபதோ அதற்கு மேலோ வந்தால் பரிசோதனைக்குப் போக வேண்டும். சென்னைத் தரவில், தெரியாமலிருந்த நீரிழிவுக்காரர்களில் 72.5 சதவீதம் பேரை அது பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 60.1 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. இதன் பொருளைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேட்டையில் 1,000 பேர், அவர்களில் தனக்கே தெரியாமல் நீரிழிவு உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் ஏறத்தாழ 73 பேரைக் காட்டிக்கொடுக்கும், 27 பேரைத் தவறவிடும். நோயில்லாத 900 பேரில் சுமார் 360 பேருக்கு வீணாக இரத்தம் எடுக்க நேரும். ஆயிரம் பேருக்குச் செய்ய வேண்டிய பரிசோதனையை 430 பேரோடு நிறுத்தி, முக்கால்வாசி நோயாளிகளைக் கண்டுபிடித்துவிடலாம். எண்ணற்ற பேட்டைகள் உள்ள நாட்டுக்கு இது பெரிய லாபம். தவறிய 27 பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது லாபமில்லை. அதனால்தான் மதிப்பெண் குறைந்தவரையும் ஒரேயடியாக அனுப்பிவிடக் கூடாது.

ஆஷா பணியாளர் வீட்டுக்குக் கொண்டுவரும் படிவமும் இந்த வழியில் வந்ததுதான். முப்பது வயது தாண்டியவர்களிடம் வயது, புகையிலை, மது, உடலுழைப்பு, குடும்ப வரலாறு எல்லாம் கேட்டு, இடுப்பை அளந்து மதிப்பெண் போடுகிறார். ஆணுக்கு 91 முதல் 100 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. பெண்ணுக்கு 81 முதல் 90 வரை ஒன்று, மேலே இரண்டு. மொத்தம் நான்கைத் தாண்டினால் முதலில் பரிசோதனைக்கு அனுப்புகிறார். ஒரே வெட்டுக்கோடாக வைக்காமல் படிப்படியாக மதிப்பெண் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். சரிவைப் புரிந்துகொண்ட யாரோ வடிவமைத்திருக்கிறார்கள்.

டேப் காணாதவையும் உண்டு. ஒட்டிய வயிற்றோடு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவரை டேப் நலமானவர் என்றே சொல்லும். பெங்களூரின் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை, இளம் வயதிலேயே இதயநோய் வருபவர்களுக்காக 2017-ல் தனிப் பதிவேடு தொடங்கியது. அங்கும் புகையிலையே முன்னால் நிற்கிறது. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது, இவ்வளவு கட்டான உடம்புக்காரருக்கா என்று கர்நாடகமே உறைந்தது. பெங்களூரின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. உடற்பயிற்சி செய்வதே ஆபத்தோ என்ற பயமும் பரவியது. அந்தப் பயம் தவறானது. வெளித்தோற்றத்தை வைத்து இதயத்தைக் கணிக்க முடியாது என்பதுதான் அதில் கற்க வேண்டியது. பரம்பரையாக வரும் கொழுப்புக் கோளாறுகளுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும்.

மைசூரிலிருந்து வந்த இன்னொரு செய்தி இதையெல்லாம் பிறப்புக்கே கொண்டுபோகிறது. அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் தலைச் சுற்றளவையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பழைய பேரேடுகளை வைத்து, 1934-க்கும் 1954-க்கும் இடையே அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்து, 1990-களில் கரோலின் ஃபால் முதலானோர் பரிசோதித்தார்கள். இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் நல்ல எடையில் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்கு. பிரசவ அறையில் ஒரு நர்ஸ் எழுதிய எண் ஐம்பது வருடம் கழித்து நெஞ்சைப் பற்றிப் பேசியது. கருவில் போதிய ஊட்டமில்லாமல் வளர்ந்த உடம்பு பிறகு வயிறாரச் சாப்பிடும் நகர வாழ்வுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்ற கேள்வி, கிராமங்களிலிருந்து வந்தவர்களால் நிரம்பிய பெங்களூருக்கு மிக நெருக்கமானது.

அளந்த பிறகு என்ன என்பதில்தான் என் கவலை எல்லாம். ஐ.டி. பார்க்குகளில் ஆண்டுக்கொரு முறை முகாம் போடுகிறார்கள். வரிசையில் நிற்க வைத்து அளந்து, மொபைலுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறார்கள். இடுப்பு 97, பிரஷர் 138 என்று வந்தவரை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த முகாமும் இல்லை. செயின்ட் ஜான்ஸின் டெனிஸ் சேவியர் தலைமையில் 2008-ல் வெளியான, மாரடைப்பு நோயாளிகளுக்கான கிரியேட் பதிவேட்டில் நாடெங்கும் 20,468 நோயாளிகள் இருந்தார்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏழைகளுக்குத் தேவையான சிகிச்சைகள் குறைவாகவே கிடைத்திருந்தன. மாரடைப்பு வந்த பிறகு இவ்வளவு பாகுபாடு இருக்கிறது என்றால், வருவதற்கு முன்பே வாசலுக்குப் போய் அளப்பது அவர்களுக்குத்தான் முதலில் நடக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல முன்மாதிரி. அங்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரையோ மறுபரிசோதனையோ பின்தொடராத அளவெடுப்பு ஒருவருக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும்.

ஒருவர் நடக்கத் தொடங்கி, சோற்றைக் குறைத்து, மூன்று மாதம் கழித்து டேப்பை எடுத்துப் பார்க்கிறார். ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது. அளப்பவர் கை மாறினாலே அந்த அளவு வித்தியாசம் வரும் என்பதால் அதற்குப் பொருளில்லை. மனம் விட்டுப்போய் நடையை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அவருக்குச் சென்னையின் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போனார்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் 39.3 சதவீதம் பேர் போனார்கள். இந்தக் குழுவினரின் சராசரி உடல் எடை குறையவே இல்லை.